ஈசிஜி அறையில் சொல்லக்கூடாத சொல்

போன மாதம் எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றை எடுக்க வேண்டியிருந்தது. அறுபது தாண்டிய ஆள் என்பதால், முதலில் ஈசிஜி எடுத்து வாரும் என்றார் பல் டாக்டர். நான் வேலை பார்த்த நம் ஆஸ்பத்திரிக்கே வந்தேன். இருபத்தாறு வருடம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற அறையில், அன்றைக்குக் கட்டிலில் ஏறிப் படுத்தேன்.

மெஷின் புதிது. காகிதத்தின் தலைப்பில் அதுவே ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சடித்துத் தந்துவிடுகிறது. டெக்னீஷியன் அபிஷா அதைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல மாமா, நார்மல். எழும்புங்க" என்றாள்.

எனக்குப் படக்கென்று இருந்தது.

"மக்கா, அந்தச் சொல்ல மட்டும் இஞ்ச சொல்லப்பிடாது, கேட்டியா."

"எந்தச் சொல்ல? நார்மல்ங்கியதையா?"

"ஒண்ணுமில்லங்கியத."

"நானா சொல்லுதேன்? மெஷினுதான் சொல்லுது. வேணும்னா அதுக்க கிட்ட சண்ட போடுங்க" என்று சிரித்தாள். பிறகு, ஏன் என்று கேட்டாள். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். சொல்ல நேரமில்லை. "நம்ம ஆஸ்பத்திரிப் பணியாளர் மலருக்கு எழுதித் தாங்க. பிழையெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

அப்பா பனையிலிருந்து விழுந்து படுத்த வருடம் பள்ளிக்கூடம் நின்றது. செங்கல் சூளை, லாரிக் கிளீனர், ஒரு ஓட்டலில் இலை எடுத்தது எல்லாம் போக, நம் ஆஸ்பத்திரியில் துப்புரவுக்குச் சேர்ந்தேன். பிறகு வார்டு, பிறகு ஈசிஜி அறை. அந்த அறைக்கு என்னைப் போட்டது நான் கெட்டிக்காரன் என்பதால் இல்லை. எதையும் மூன்று தடவை சரிபார்ப்பேன் என்பதால்தான்.

சிவப்பு வலது கை, மஞ்சள் இடது கை, பச்சை இடது கால், கறுப்பு வலது கால். முதல் ஒரு மாதம் பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே வருவேன். சிவப்பையும் மஞ்சளையும் மாற்றி மாட்டினால் இதயம் வலப்பக்கம் இருப்பது மாதிரி கோடு விழும். நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழ்கள் பிடிக்க வேண்டும். அதற்கு முன்னால் ஜெல்லி தடவ வேண்டும். ஜெல்லி குளிரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் துள்ளிவிடுவார். கடிகாரம், வளையல், கொலுசு எல்லாம் கழற்றி வாங்கி ஒரு எவர்சில்வர் தட்டில் வைப்பேன். முடிந்ததும் திருப்பிக் கொடுப்பேன். இது என் வேலையில் ஒரு பகுதி. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அதைத் திருப்பிக் கேட்க மறந்ததில்லை. வலியால் துடிக்கிறவர்கூட வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "எனக்க வாச்சு?" என்பார்.

எங்களுக்கு மேலே இருந்தவர் கிறேஸ் டாக்டர். பொது மருத்துவம். குள்ளமான அம்மா, குரல் மட்டும் வெளிவாசல் வரை கேட்கும். ஈசிஜி காகிதத்தை நான் நீட்டினால் உடனே பார்க்க மாட்டார். முதலில் நோயாளியின் கையைப் பிடித்து உள்ளங்கையைத் தடவிப் பார்ப்பார். நகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் காகிதம். பார்த்து முடித்ததும் அதை நாலாக மடித்து மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, "சரி, நெஞ்சு சொன்னத கேட்டாச்சு. இனி நீங்க சொல்லுங்க" என்பார். வெளியே இருபது பேர் நிற்கும்போது இது என்ன பேச்சு என்று எனக்குத் தோன்றும். அந்த அம்மா கேட்கிற கேள்விகளும் எனக்கு மனப்பாடம்: உறக்கம் எப்படி? சாப்பாடு இறங்குதா? முன்னால ஆசையா செய்ததெல்லாம் இப்பவும் ஆசையா இருக்கா? வேலைக்குப் போக முடியுதா? எத்தனை நாளா?

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பார். ஒருநாள் உறக்கம் வராதது எல்லாருக்கும் உள்ளது. இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் அப்படி என்றால், சமையலும் வேலையும் அதனால் கெடுகிறது என்றால், அப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும். சாகவேண்டும் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக்கூடாது, அன்றைக்கே வரவேண்டும்.

ஆனால் அந்த அம்மா மனசு மனசு என்று மட்டும் சொல்கிறவர் இல்லை. அஞ்சுகிராமத்திலிருந்து ஒரு பெண்ணை அவள் புருஷன் கூட்டிக்கொண்டு வந்தார். "இவளுக்கு எப்பவும் பேடிதான் டாக்டர், சும்மா பயப்படுவா. பூனை சாடினாலும் நெஞ்சு வலிக்கும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். காகிதம் வெளியே வர வரவே தெரிந்துவிட்டது. நிஜமான அட்டாக். "பயந்த ஆளுக்கும் அட்டாக் வரும் ஞானமுத்து. முதல்ல காகிதம், அப்புறம்தான் கதை" என்றார் கிறேஸ் டாக்டர். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள்.

இனி மரியதாசன்.

முட்டத்துக்காரர். முப்பத்தெட்டு வயது இருக்கும். கட்டில் நிறைய ஆள். தோளைப் பார்த்தாலே கடலில் வலை இழுக்கிறவர் என்று தெரியும். முதல் தடவை இரண்டு பேர் ஆட்டோவிலிருந்து தாங்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பெல்லாம் வியர்வை. மூச்சு முட்டுகிறது, விரல் மரத்துப்போகிறது, "நான் இப்ப சாவப்போறேன், எனக்க பெண்டாட்டியக் கூப்பிடுங்கலே" என்று கத்தினார். நான் ஓடி ஓடி மாட்டினேன். கோடு சுத்தமாக இருந்தது. கிறேஸ் டாக்டர் அன்று லீவு. கேஷுவாலிட்டியில் இருந்த டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஊசி போட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். கழற்றிவிடும்போது நான் அவர் தோளைத் தட்டி, "ஒண்ணுமில்ல மக்கா, தைரியமா போங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எழுத வேண்டும். நான் பயந்த ஆள். கேஸ் அடைத்தேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிறவன். மகள் காலேஜிலிருந்து வரக் கால்மணி நேரம் பிந்தினால் ரோட்டில் போய் நிற்கிறவன். எனக்கு உலகத்திலேயே இனிப்பான சொல் ஒண்ணுமில்லை என்பதுதான். எனக்கு இனித்தது எல்லாருக்கும் இனிக்கும் என்று நினைத்து, கை நிறைய எடுத்து அவருக்கும் கொடுத்தேன்.

பத்து நாளில் மறுபடி வந்தார். மூன்று வாரத்தில் மறுபடி. மூன்று தடவையும் கோடு சுத்தம். மூன்று தடவையும் நான் அதே சொல்லைச் சொன்னேன். மூன்றாம் தடவை கூட வந்த ஆட்கள் வாசலிலேயே சிரித்தார்கள். "லே ஈசிஜி, இன்னும் ஒருக்கா எடுத்தா உனக்குப் பட்டம் குடுப்பாங்க." "கடல்ல எந்தக் காத்துக்கும் அசையாதவன், கரையில வந்து கெடந்து அழுது கரையுதான் பாரு." ஊரில் அவருக்கு ஈசிஜி என்றே பெயர் விழுந்துவிட்டதாம். மரியதாசன் சட்டையை மாட்டினார். பட்டனை மாற்றிப் போட்டிருந்தார். நான் அதைப் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

நாலாம் தடவை கூட்டாளிகள் இல்லை. மனைவி ஸ்டெல்லா மட்டும் வந்திருந்தார். காலை பதினொரு மணி இருக்கும். இந்தத் தடவை அவர் கத்தவில்லை, வியர்க்கவில்லை. அமைதியாக வந்து படுத்தார். அது எனக்கு நல்லதாகத்தான் தோன்றியது. ஆள் தேறிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் கன்னம் ஒட்டி, சட்டை தொளதொளவென்று இருந்தது.

"வாச்ச கழத்துங்க" என்றேன்.

கழற்றினார். பெரிய டயல் வைத்த வாட்ச். மச்சான் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்தது என்று முதல் தடவை வந்தபோதே, அந்த மூச்சுமுட்டலிலும் சொல்லி, பத்திரம் பத்திரம் என்றிருந்தார். நான் தட்டை நீட்டினேன். அவர் தட்டில் வைக்கவில்லை. என் கையைப் பிடித்து உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டு அண்ணே. எனக்கு இனி வேண்டாம்."

தமாஷ் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். ஸ்டெல்லா என் பின்னால் நின்று தாழ்ந்த குரலில் சொன்னார்: "இவிய ரெண்டு மாசமா கடலுக்குப் போவல்ல அண்ணே. வள்ளத்துக்க எஞ்சின தம்பிக்குக் குடுத்துட்டாவ. உறக்கம் கெடையாது. பிள்ளையளுக்க கூடயும் பேச்சு இல்ல. சுவரப் பாத்து இரிப்பாவ. நான் கேட்டா, எனக்குத்தான் ஒண்ணுமில்லியே, அதான் ஆசுபத்திரியில எழுதிக் குடுத்தாவளேன்னு சொல்லுவாவ."

சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு. மாட்டினேன். பட்டனை அமுக்கினேன். காகிதம் ஓடியது. சுத்தமான கோடு.

மரியதாசன் தலையைத் திருப்பாமல் கேட்டார். "அதுல எதாவது வந்திருக்கா அண்ணே?"

நான் காகிதத்தைக் கிழித்து மடித்தேன்.

"இல்ல, என்னா? எனக்குத் தெரியும். இந்த ஒரு தடவையாவது எதாவது வராதான்னு பாக்க வந்தேன். ஒரு தீனம், ஒரு நோய்னு இருந்தா பெண்டாட்டிட்ட சொல்லலாம், ஊருல சொல்லலாம். ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு நீங்கதான சொன்னிய? அப்போ நான்தான் ஒண்ணுமில்லாதவன். இருந்து எல்லாருக்கும் தொல்ல."

கிளிப்புகளைக் கழற்றி, காகிதத்தைக் கையில் கொடுத்து அனுப்ப வேண்டியது முறை. அடுத்த நோயாளி வாசலில் நிற்கிறார். டாக்டர் மூன்றாம் மாடியில் ரவுண்ட்ஸில் இருக்கிறார். அட்டெண்டர் ஒருவன், காகிதம் சுத்தமாக இருக்கும்போது, டாக்டரை ரவுண்ட்ஸிலிருந்து இறக்கலாமா? ஏன் என்று கேட்டால் என்ன சொல்வேன்? ஒரு ஆள் வாட்ச் வேண்டாம் என்கிறார் என்றா? இதையெல்லாம் நினைக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. கவலைப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. ஆனால் என் கவலை எல்லாம் வீணில்லை என்று தோன்றிய நாள் அது. என் கையில் அந்த வாட்ச் சூடாக இருந்தது.

"காகிதம் சரியா விழல்ல மக்கா. இன்னொண்ணு எடுக்கணும். அசையாம கெடங்க" என்றேன்.

பொய். கிளிப்புகளைக் கழற்றவே இல்லை. ஸ்டெல்லாவை வாசலுக்குக் கூப்பிட்டு, "மூணாம் மாடிக்கு ஓடுங்க. கிறேஸ் டாக்டர்ட்ட, ஞானமுத்து உடனே வரச் சொன்னான், கடிகாரத்தத் திருப்பி வாங்கமாட்டேங்கிய ஆளு ஒருத்தர் கட்டில்ல கெடக்காருன்னு சொல்லுங்க" என்றேன். அது என்ன செய்தி என்று எனக்கே தெரியவில்லை. வாயில் வந்தது அது.

இரண்டாவது காகிதம் எடுத்தேன். மூன்றாவது எடுத்தேன். "மூச்ச இழுத்துப் பிடிங்க. விடுங்க. இன்னும் ஒருக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த நாலு கிளிப்பும் ஆறு குமிழும் அவர் மேல் இருக்கிறவரைக்கும் அவர் எழுந்து போக முடியாது, அவ்வளவுதான் என் கணக்கு. நாலாவது காகிதம் ஓடும்போது படியில் டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது.

வந்தவர் என்னிடம் காகிதம் கேட்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு, கட்டிலோடு ஒட்டி உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்தார். பிறகு, வெயில் எப்படி என்று கேட்கிற மாதிரியே கேட்டார்.

"மரியதாசன், செத்துப் போயிரலாம்னு தோணுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படியா கேட்பது? இல்லாத எண்ணத்தைக் கொடுத்துவிடுமே என்று பயந்தேன். மரியதாசன் முதன்முதலாகத் தலையைத் திருப்பி டாக்டரைப் பார்த்தார்.

"தோணுது."

"எப்பவாவதா? தினமுமா?"

"விடியும்போ எல்லாம்."

"இன்னைக்கு?"

அவர் அழுதார். அவ்வளவு பெரிய உடம்பு அழுதபோது கட்டில் ஆடியது. மெஷினின் ஊசியும் சேர்ந்து ஆடியது. "கரையட்டும். நீங்க மெஷின நிறுத்துங்க ஞானமுத்து" என்றார் டாக்டர்.

பிறகுதான் கதை வந்தது. அதற்கு முந்தின வருடக் கடைசியில் காற்றில் வள்ளம் சரிந்து, கூடப்போன கூட்டாளி கடலோடு போய்விட்டார். இவர் மட்டும் கரை ஏறினார். மூன்று தடவை இந்தக் கட்டிலில் படுத்திருக்கிறார். எப்போது தொடங்கியது என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். "உங்களுக்க வலி பொய்யில்ல. இதயம் நல்லா இருக்கு, ஆனா தீனம் உண்டு. சும்மா இருக்கும்போது உடம்பு, ஆபத்து ஆபத்துன்னு தப்பா சத்தம் போடுது. அதான் நெஞ்சு அடிக்கியதும் மூச்சு முட்டுயதும். அதுக்கு மேல துக்கமும் உள்ள எறங்கி, உறக்கத்தையும் சாப்பாட்டையும் ஆசையையும் தின்னுட்டு. ரெண்டுக்கும் பேரு இருக்கு, மருந்து இருக்கு. இதுக்குன்னு படிச்ச டாக்டரு இருக்காரு."

"அப்போ எனக்குக் கிறுக்கு இல்லியா?"

"கிறுக்கா? ரெண்டு மாசம் உறங்காம இருந்தா எனக்கு இதவிட மோசமாகும்."

தீனம் உண்டு என்று கேட்டதும் அந்த மனுஷன் முகத்தில் வந்த மாற்றத்தை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. நோய் இருக்கிறது என்பது ஒரு ஆளுக்கு நிம்மதியாக இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அன்றே மனநல டாக்டரிடம் அனுப்பினார்கள். தனியாக அனுப்பவில்லை, நானும் ஸ்டெல்லாவும் கூடப் போனோம். தம்பியையும் வரவழைத்தார்கள். கொஞ்ச நாளைக்கு ஒரு நிமிடம்கூட இவரைத் தனியாக விடக்கூடாது, மாத்திரையை ஸ்டெல்லாதான் கையில் வைத்துக் கொடுக்க வேண்டும், மாத்திரை பிடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் பலனில்லை என்று விடக்கூடாது, தேறிய பிறகும் தானாக நிறுத்தக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். ஸ்டெல்லா சேலை முந்தியில் முடிந்துகொள்கிற மாதிரி ஒவ்வொன்றையும் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் கிறேஸ் டாக்டர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பாராட்டுவார் என்று நினைத்துப் போனேன்.

"ஒண்ணுமில்லன்னு எத்தன தடவ சொன்னீரு?"

"மூணு தடவ, அம்மா."

"இனி அந்தச் சொல்லு அந்த அறையில கேக்கப்பிடாது. இதயம் நல்லா இருக்கு, மிச்சத்த டாக்டர்ட்ட சொல்லுங்கன்னு சொல்லும். உமக்கு மட்டுமில்ல. அங்க நிக்கிய எல்லாருக்கும், எனக்கும் சேத்துத்தான்."

"சரி அம்மா" என்று திரும்பினேன்.

"நில்லும். அந்த அறையில பேப்பர் ரோல் ஏன் இவ்வளவு சீக்கிரம் தீருது?"

நான் சுவரைப் பார்த்தேன். அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அறையைச் சாத்திக்கொண்டு, எனக்கு நானே நாலு கிளிப்பையும் மாட்டி, வாரம் இரண்டு தடவை, சில வாரம் தினமும், என் நெஞ்சை நானே எடுத்துப் பார்ப்பேன். ஒரு துடிப்பு தப்பினது மாதிரி இருக்கும். எடுப்பேன். சுத்தமாக இருக்கும். ஒண்ணுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த இனிப்பு இரண்டு நாள் தாங்கும்.

"எத்தன வருஷமா?"

"ஒரு ஒம்பது வருஷம் இருக்கும் அம்மா."

டாக்டர் திட்டவில்லை. "ஒம்பது வருஷம் அந்த வாசல்ல நின்னு எனக்க கேள்வி எல்லாத்தையும் கேட்டிருக்கீரு. ஒரு தடவையாவது உமக்க கிட்ட கேட்டுப் பாத்தீரா?" என்றார்.

அப்படித்தான் நானும் அந்த மனநல டாக்டரின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கவலை எல்லாருக்கும் உண்டு, வெட்கப்பட என்ன என்று நினைக்கலாம். ஆனால் முதல் நாள் கர்சீப்பால் முகத்தைத் துடைக்கிற மாதிரி மறைத்துக்கொண்டுதான் இருந்தேன். பக்கத்தில் ஒரு பெரிய உடம்பு வந்து உட்கார்ந்ததும் பெஞ்சு தாழ்ந்தது.

"எண்ணே, நீருமா?" என்றார் மரியதாசன்.

"சும்மா... ஒரு ஆளப் பாக்க வந்தேன்."

"பின்ன நானும் ஒரு ஆளப் பாக்கத்தான் வந்தேன். அவருக்க பேரு டாக்டர்."

அதற்குப் பிறகு மாதம் ஒருதடவை அந்த பெஞ்சில் சந்திப்போம். எனக்கு மாத்திரை குறைவு, பயிற்சி அதிகம். ஒருதடவை கேஸை அடைத்தால் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏற வேண்டும். எனக்கு அது கடலில் போவதைவிடக் கஷ்டம் என்றேன். "நீரு கடலுக்கு வாரும், நான் உம்ம வீட்டு கேஸ பாத்துக்கிடுதேன்" என்றார். அவருக்கு ஏற்ற இறக்கம் இருந்தது. ஒரு மாதம் மறுபடி சுவரைப் பார்க்கத் தொடங்கி, ஸ்டெல்லா நாள் பார்க்காமல் உடனே கூட்டிக்கொண்டு வந்தார். முதலில் கரையில் உட்கார்ந்து வலையில் அறுந்த கண்ணியைக் கோர்த்தார். அப்புறம் தம்பியோடு கரையை ஒட்டிக் கொஞ்ச தூரம். ஊரில் ஈசிஜி என்று கூப்பிடுவது நிற்கவில்லை. ஆனால் இப்போது அவரும் திரும்பி ஏதோ சொல்கிறார் என்றார் ஸ்டெல்லா.

அந்த வாட்ச் என் மேசை டிராயரில் இருந்தது. பெஞ்சில் பார்க்கும்போதெல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பேன். "அவரா கேக்கட்டும். கேக்கியது வர வச்சிரும்" என்று கிறேஸ் டாக்டர் சொல்லியிருந்தார். ஓடுகிறதா என்று காலையிலும் மதியத்திலும் போகும்போதும் திறந்து பார்ப்பேன். இந்த ஒரு சரிபார்ப்பை மட்டும் விடச்சொல்லி யாரும் என்னிடம் சொல்லவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில், நான் ஒரு பாட்டியாவுக்குப் பச்சைக் கிளிப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வாசல் மறைந்தது. மரியதாசன். உடம்பில் மீன் வாடை. நேராகக் கரையிலிருந்து வந்திருக்கிறார். உள்ளே வரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எண்ணே, எனக்க வாச்சு எங்க?"

பாட்டியாவிடம் ஒரு நிமிடம் என்று சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். காதில் வைத்துப் பார்த்தார்.

"ஓடுதா? கேடு எதும் வரல்லியே?"

"அதெல்லாம் ஒண்ணுமில்..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

அவர் சிரித்த சிரிப்பில் கட்டிலில் கிடந்த பாட்டியாவும் சிரித்துவிட்டார். அந்தக் காகிதத்தில் கோடு தாறுமாறாக விழுந்தது. மறுபடியும் எடுக்க வேண்டியதாயிற்று.